ஸ்பீடு பிரேக்கர் பக்கத்தில் கார் நிறுத்தம்: எத்தனை மீட்டர் விட வேண்டும்?

ஜூன் 3, காலை 7.10 | தெருமுனை

சென்னையில் ஒரு குடியிருப்புத் தெரு. தார் அகலம் 7 மீட்டர், இருவழிப் போக்குவரத்து, இரண்டு ஓரத்திலும் கார்கள். பள்ளிக்கூட வாசலுக்கு நேராகப் புதிதாக டேபிள் டாப் கிராஸிங் (ஆள் கடக்கத் தட்டையாக உயர்த்திய மேடை) வந்திருக்கிறது. உயரம் 10 செ.மீ., மேல்தட்டு 3 மீட்டர். போட்ட மறுநாளே அதன் சரிவு வரைக்கும் கார்கள் வந்து ஒட்டிக்கொண்டன. நலச்சங்கத்தில் ஒரு தரப்பு இருபுறமும் 50 மீட்டருக்கு நோ பார்க்கிங் கேட்கிறது. இன்னொரு தரப்பு, "கார் நின்றால்தான் தெரு குறுகும், வண்டி மெதுவாகப் போகும், ஒன்றையும் எடுக்காதீர்கள்" என்கிறது. எது சரி? ஒரு எண் சொல்லுங்கள். அது எங்கிருந்து வந்தது என்றும் சொல்லுங்கள். கணக்கு இல்லாமல் எண்ணை மட்டும் கூட்டத்தில் வைத்தால் எடுபடாது.

ஜூன் 3, இரவு 9.45 | அளவுநாடா

முதலில் வெறும் வேகத்தடையையும் ஆள் கடக்கும் மேடையையும் பிரித்துக்கொள்ளுங்கள். காரை விலக்கச் சொல்லும் காரணம் இரண்டுக்கும் வேறு. அதனால் தூரமும் வேறு.

வெறும் வேகத்தடையில் பிரச்சினை வண்டி ஓட்டுபவருக்குத் தடை தெரிவதில்தான். கறுப்பு-வெள்ளைப் பட்டை நடுவில் டயர் பட்டுப் பட்டுச் சீக்கிரம் அழிந்துவிடும். பெயின்ட் மிஞ்சுவது இரு முனைகளில். சரியாக அந்த முனைகளின் மேல்தான் கார் நிற்கிறது. ராத்திரியில் தடை இருப்பதற்கு அடையாளமே இல்லாமல் போகிறது. 40 மீட்டருக்கு முன்னால் வைக்கும் எச்சரிக்கைப் பலகையை ஒரு வேன் மறைத்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

அடுத்தது தண்ணீர். மழைநீர் ஓட வேண்டும் என்று தடையின் இரு முனையிலும் ஓர் அடி போல விட்டுக் கட்டுவார்கள். அந்த இடுக்கில் கார் சக்கரம் நின்றால் இலையும் பாலித்தீனும் சக்கரத்தில் தங்கி, ஐப்பசி மழையில் தடையே அணைக்கட்டு ஆகிவிடும். கார் இல்லாவிட்டால் அதே இடுக்கில் பைக்குகள் பூந்து போகும். அதற்கு மருந்து கார் இல்லை, இடுக்குக்கு நேராக ஒரு கம்பம்.

ஆக வெறும் வேகத்தடைக்கு: தடையின் மேல் அறவே கூடாது, வண்டி வரும் பக்கம் ஒரு கார் நீளம், அதாவது 5 மீட்டர். அதற்கு மேல் கேட்க வேண்டியதில்லை.

தடையே சரியான அளவில் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஐ.ஆர்.சி. 99 (இந்தியச் சாலைப் பேராயத்தின் வழிகாட்டி) சொல்வது 17 மீட்டர் வளைவு ஆரம், 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம். 25 கி.மீ. வேகத்தில் கடக்கிற மாதிரி. மூன்று எண்ணும் ஒன்றுக்கொன்று கட்டுப்பட்டவை: 3.7-ஐ அதே 3.7-ஆல் பெருக்கி, ஆரம் 17-இன் எட்டு மடங்கான 136-ஆல் வகுத்தால் 0.10 மீட்டர் வரும். ஓர் அடி அகலத்தில் கூம்பு மாதிரி போட்டுவிட்டு, அதன் பக்கத்தில் கார் நிறுத்தலாமா என்று சண்டை போட்டுப் பயனில்லை.

உங்களுடையது ஆள் கடக்கும் மேடை. அதற்குக் கணக்கு நாளைக்கு.

ஜூன் 4, காலை 6.20 | அளவுநாடா

ஒரு தாளில் வரைந்துகொண்டே படியுங்கள்.

வண்டி 30 கி.மீ. வேகத்தில் வருகிறது, நொடிக்கு 8.3 மீட்டர். பார்த்து, உணர்ந்து, பிரேக்கில் கால் வைக்க 1.5 நொடி என்றால் 12.5 மீட்டர் போய்விடும். பிரேக் பிடித்து நிற்க இன்னும் 7.7 மீட்டர். ஆக 20 மீட்டர். ஐ.ஆர்.சி. 2.5 நொடி எடுத்துக்கொண்டு 30 கி.மீ. வேகத்துக்கு 30 மீட்டர் என்று வைக்கிறது. இங்கே குறைந்தபட்சக் கணக்காக 20 எடுத்துக்கொள்கிறேன்.

அதாவது, குழந்தை இறங்கத் தயாராக நிற்பது 20 மீட்டருக்கு முன்பே ஓட்டுநர் கண்ணில் பட வேண்டும்.

குழந்தை ஓரக்கல்லில் நிற்கிறது. நிற்கும் கார் ஓரக்கல்லிலிருந்து 20 செ.மீ. தள்ளி, 1.8 மீட்டர் அகலம். ஆகவே காரின் வெளி விளிம்பு ஓரக்கல்லிலிருந்து 2 மீட்டர். ஓடும் கார் அதிலிருந்து 60 செ.மீ. விலகிப் போகிறது. ஓட்டுநர் வலப்பக்கம் உட்கார்ந்திருப்பதால் அவர் கண் அந்தக் காரின் இடது விளிம்பிலிருந்து 1.2 மீட்டர் தள்ளி. மொத்தம், கண் ஓரக்கல்லிலிருந்து 3.8 மீட்டர்.

கண்ணிலிருந்து குழந்தைக்கு ஒரு நூல் கட்டுங்கள். நூல் நிற்கும் காரின் மூலையைத் தொடாமல் போக வேண்டும். ஒத்த முக்கோணம்தான்: 20 × 2.0 ÷ 3.8 = 10.5 மீட்டர். கிராஸிங் விளிம்பிலிருந்து 10.5 மீட்டருக்குள் கார் நின்றால் நூல் மாட்டிக்கொள்ளும்.

மேடை ஒழுங்காகக் கட்டப்பட்டு வண்டிகள் 25 கி.மீ. வேகத்தில்தான் வருகின்றன என்றால் நிற்க 16 மீட்டர் போதும், விட வேண்டியது 8.4 மீட்டர். 40-ல் வந்தால் 30 மீட்டரும் 16 மீட்டரும். இதிலிருந்து தெரிவது: வேகத்தைக் குறைக்காமல் நோ பார்க்கிங்கை மட்டும் நீட்டிக்கொண்டே போனால், தெருவில் பாதி போனாலும் கணக்கு முடியாது.

உயரத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒன்றாம் வகுப்புக் குழந்தை ஏறத்தாழ 1.1 மீட்டர். சின்ன காரின் கூரை 1.5 மீட்டர். இன்றைய பெரிய கார்கள் 1.7, 1.8. குழந்தை மட்டுமல்ல, அதைக் கையில் பிடித்திருக்கும் பாட்டியும் மறைந்துவிடுகிறார்.

ஜூன் 4, மதியம் 1.05 | தெருமுனை

கணக்கு புரிந்தது. ஆனால் 50 மீட்டர் சட்டத்தில் இருக்கிறது என்கிறார்களே?

ஜூன் 4, இரவு 10.30 | அளவுநாடா

இருப்பது சந்திப்புக்கு. 2017-ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளில் சந்திப்பின் விளிம்பிலிருந்து 50 மீட்டர் வரை நிறுத்தக் கூடாது என்று வருகிறது. பாதசாரி கிராஸிங் மேலேயே நிறுத்துவதும் தடை. அதற்கு முன்பிருந்த 1989 சாலை விதிகளில் கிராஸிங்குக்கு "அருகில்" கூடாது என்று இருந்தது. அருகில் என்றால் எத்தனை மீட்டர் என்று அதில் எண் கிடையாது.

நம் குடியிருப்புத் தெருக்களில் 80, 100 மீட்டருக்கு ஒரு குறுக்குத் தெரு. இரண்டு முனையிலிருந்தும் 50 மீட்டர் எடுத்தால் நிறுத்த ஓர் இடமும் மிஞ்சாது. எல்லோரும் மீறுகிற விதியாகிவிடும், அப்புறம் கிராஸிங்கை ஒட்டி நிற்கும் காரும் 45-ஆவது மீட்டரில் நிற்கும் காரும் ஒரே தப்பாகத் தெரியும். ஆபத்து இரண்டிலும் ஒன்றல்ல. அதனால்தான் சொல்கிறேன், 50 கேட்டு ஒன்றும் கிடைக்காமல் போவதைவிட, 10 மீட்டர் கேட்டு அதைக் கல்லும் கம்பமும் வைத்து உறுதியாக்குங்கள்.

ஜூன் 6, காலை 8.00 | அளவுநாடா

உங்கள் இரண்டாம் தரப்பு சொன்னதை இரண்டு நாளாக யோசித்தேன். அவர்கள் சொல்வதில் பாதி நிஜம். அதை நான் முதல் பதிலில் சொல்லாமல் விட்டது தவறு.

இரு ஓரமும் கார் நின்றால் நடுவில் மிஞ்சுவது 3 மீட்டர். எதிரே வண்டி வந்தால் ஒருவர் ஒதுங்கியே ஆக வேண்டும். வேகம் தானாகக் குறையும். கிராஸிங்கின் நாலு மூலையிலும் 10 மீட்டர் காலி செய்தால், அந்த இடத்தில் மட்டும் தெரு திடீரென்று 7 மீட்டர் ஆகும். வரிசையில் பின்னால் வந்த பைக்காரர் முந்துவதற்குத் தெருவிலேயே அகலமான இடம் அதுதான். எந்த இடத்தில் மெதுவாகப் போக வேண்டுமோ அங்கேயே முந்துவார். ஆட்டோ நின்று ஆள் ஏற்றும். டெலிவரி வண்டி "ரெண்டே நிமிஷம்" என்று நிற்கும். மஞ்சள் கோடு வெறும் பெயின்ட்.

காலி செய்த இடத்தை வண்டி ஏற முடியாததாக ஆக்க வேண்டும். பிளாட்பாரத்தை அந்த இடத்தில் மட்டும் தெருவுக்குள் 1.8 மீட்டர் நீட்டுவது. நிற்கும் காரின் அகலத்துக்குச் சமம். இனி இதை மூக்கு என்று எழுதுகிறேன்.

மூக்கு போட்டால் கணக்கு தலைகீழாகிறது. குழந்தை ஓரக்கல்லில் நிற்காமல் 1.8 மீட்டர் முன்னால் வந்து மூக்கு நுனியில் நிற்கிறது. காரின் வெளி விளிம்பு 2.0. வித்தியாசம் 20 செ.மீ. மட்டும். கண்ணுக்கும் குழந்தைக்கும் பக்கவாட்டில் 2 மீட்டர். ஆகவே 20 × 0.2 ÷ 2.0 = 2 மீட்டர்!

10.5 மீட்டர் விட வேண்டிய இடத்தில் 2 மீட்டர் போதும். தெருவும் குறுகியபடியே இருக்கிறது, குழந்தை கடக்க வேண்டிய தூரமும் 7-லிருந்து 3.4 மீட்டராகிறது. சங்கத்தின் இரண்டு தரப்பும் ஒத்துக்கொள்ளக்கூடிய ஒரே வடிவம் இதுதான்.

ஜூன் 7, இரவு 11.15 | அளவுநாடா

திருத்தம். 4-ஆம் தேதி கணக்கில் இடது ஓரத்திலிருந்து இறங்கும் குழந்தையை மட்டும் பார்த்தேன். வலது ஓரத்தை விட்டுவிட்டேன்.

நம் ஊரில் ஓட்டுநர் வலப்பக்கம் இருக்கிறார். இரு ஓரமும் கார் நிற்கும் 7 மீட்டர் தெருவில் அவர் கண் இடது ஓரக்கல்லிலிருந்து 3.8 என்றால், வலது ஓரக்கல்லிலிருந்து 3.2-தான். வலது வரிசைக் கார்களுக்குக் கிட்டத்தில் இருப்பதால் அந்தப் பக்கம் பார்வை இன்னும் மோசம்: 20 × 2.0 ÷ 3.2 = 12.5 மீட்டர். அகலமான சாலையில் வலது பக்கம் தூரத்தில் இருக்கும், பரவாயில்லை. நடுவில் 3 மீட்டர் மட்டும் மிஞ்சும் தெருவில் வலதும் இடதும் ஒன்றே. குழந்தை இரண்டு எட்டு வைத்தால் வண்டிக்கு முன்னால்.

அதனால் மூக்கு இல்லாமல் பெயின்ட் மட்டும் என்றால் ஒரு பக்கம் 10.5, மறு பக்கம் 12.5. எதிர்த் திசையில் வருபவருக்கும் அதே இரண்டு. கூட்டினால் 46 மீட்டர், ஏறத்தாழ எட்டு கார் இடம். மூக்கு வைத்தால் இடது 2, வலது 3, எதிர்த் திசைக்கும் சேர்த்து 10 மீட்டர். கார்கள் வரிசையில் எங்கே முடிகின்றன என்பதைப் பொறுத்து இரண்டிலிருந்து நான்கு கார் இடம் போகும்.

பைக்காரர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடும். அவர்கள் நிற்கும் கார்களை உரசிக்கொண்டே போவார்கள், கண் ஓரக்கல்லிலிருந்து 3 மீட்டரில். 13 மீட்டர் வரும்.

ஜூன் 8, காலை 5.50 | டேங்கர்வழி

மூக்கு போடுமுன் தண்ணீர் லாரியை நினைத்துக்கொள்ளுங்கள். லாரி அகலம் 2.5 மீட்டர். இரு பக்கமும் 1.8 நீட்டினால் மிஞ்சுவது 3.4. நேராகப் போக இது போதும். ஆனால் மூக்கின் முனையைச் செங்கோணமாக வெட்டினால் பின் சக்கரம் கல்லில் ஏறி ஆறே மாதத்தில் கல் சாய்ந்துவிடும். முனையை 45 டிகிரி சாய்த்துக் கட்டச் சொல்லுங்கள். எதிரிலேயே பெரிய அபார்ட்மென்ட் கேட் இருந்தால் லாரி அங்கே திரும்ப வேண்டியிருக்கும், அந்தப் பக்க மூக்கை 1.2 மீட்டரோடு நிறுத்துங்கள்.

தீயணைப்பு வண்டிக்கும் 108-க்கும் வழி என்று கேள்வி வரும். மூக்கின் ஓரத்தை 10 செ.மீ. உயரத்தோடு வைத்து, மேலே இரும்புக் கம்பத்துக்குப் பதில் மடங்கி நிமிரும் ஸ்பிரிங் போஸ்ட் வைத்தால் அவசரத்துக்கு ஏறிப் போகலாம். நாலு மூலையிலும் கிரானைட் தூண் நட்டுவிட்டு அப்புறம் வருத்தப்பட வேண்டாம்.

மேடையின் சரிவும் முக்கியம். 10 செ.மீ. உயரத்துக்கு 1 மீட்டர் சரிவு கார்களுக்குச் சரி. முழுத் தண்ணீரோடு வரும் லாரிக்கு 2 மீட்டர் சரிவு வேண்டும், இல்லாவிட்டால் அது இறங்கும் அதிர்வு ஓரத்து வீட்டுச் சுவரில் கேட்கும்.

ஜூன் 8, காலை 9.30 | அளவுநாடா

சாய்த்து வெட்டுவது சரியான யோசனை. மழைக்கும் ஒன்று சேர்க்கிறேன்: மூக்கை ஓரக்கல்லோடு ஒட்டிக் கட்டினால் தண்ணீர் அது ஓடி வரும் பக்கத்தில் தேங்கும். பழைய ஓரக்கல்லுக்கும் மூக்குக்கும் இடையே 30 செ.மீ. வாய்க்கால் விட்டு, மேலே கழற்றக்கூடிய கம்பி மூடி போட வேண்டும். மழைநீர் வடிகாலின் வண்டல் தொட்டி அங்கே இருந்தால் அதன் மேல் மூக்கு வரவே கூடாது. தூர் வார இடம் வேண்டும்.

கம்பங்களுக்கு இடைவெளி 1.2 மீட்டர். சக்கர நாற்காலி தாராளமாகப் போகும். ஆட்டோ 1.3 மீட்டர் அகலம், அது நுழையாது. 1.5 விட்டால் ஆட்டோ உள்ளே வந்து நிழலில் நிற்கும்.

ஸ்பிரிங் போஸ்டைத் தாரில் நேராக ஆணி அடித்து இறுக்கக் கூடாது. சித்திரை வெயிலில் தார் இளகி, ஒரு தட்டு தட்டினால் போல்ட்டோடு கையில் வந்துவிடும். ஓர் அடிக்கு ஓர் அடி, ஓர் அடி ஆழம் கான்கிரீட் போட்டு, அது இறுகிய பிறகு மூன்று போல்ட்.

ஜூன் 10, மாலை 6.40 | தெருமுனை

மூக்கு கட்டப் பணம் ஒதுக்க நாளாகும் என்கிறார்கள். அதுவரை காலி இடத்தில் டூ வீலர் நிறுத்தலாமா? நாலு காரை எடுத்தால் பதினைந்து பைக் நிற்குமே.

ஜூன் 10, இரவு 9.20 | அளவுநாடா

பாதி இடத்தில் நிறுத்தலாம். நிறுத்திய பைக்கின் சீட் 80 செ.மீ., ஹேண்டில் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேல். பெரியவர்கள் தெரிவார்கள். 1.1 மீட்டர் குழந்தையின் தலை மட்டும் கண்ணாடிகளுக்கு நடுவில் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும். அதனால் கிராஸிங்கை ஒட்டிய முதல் 4 மீட்டர் எதுவும் கூடாது. அதற்கு அப்பால் 4-லிருந்து 10 மீட்டர் வரை பைக். கார் நிற்பதைவிட நிச்சயம் மேல், இடமும் காலியாக இல்லை, கார் வந்து புகாது.

பூந்தொட்டி வைப்பவர்கள் செடியோடு சேர்த்து 60 செ.மீ. தாண்டக் கூடாது. அரளி வைத்தால் ஒரே மழைக்காலத்தில் ஆள் உயரம் வந்துவிடும். டேபிள் ரோஸ், பசலை மாதிரி தரையோடு படர்வது வையுங்கள்.

காரை எல்லாம் எடுத்த பிறகு மின்வாரியப் பெட்டியோ குப்பைத் தொட்டியோ அதே இடத்தில் நிற்கிறதா என்றும் பாருங்கள். பெட்டி கொஞ்சம் ஒல்லி, ஆனால் குழந்தையை முழுதாக மறைக்க அது போதும். பெட்டியை நகர்த்த முடியாது. கிராஸிங்கை நகர்த்த இன்னும் நேரமிருந்தால் நகர்த்துங்கள்.

ஜூன் 12, காலை 7.30 | டேங்கர்வழி

வெளிநாட்டில் என்ன செய்கிறார்கள் என்று கூட்டத்தில் கேட்பார்கள். கலிபோர்னியாவில் ஏ.பி. 413 என்ற சட்டம் 2023-ல் வந்தது. கிராஸிங்குக்கு வண்டி வரும் பக்கம் 20 அடி, மூக்கு இருந்தால் 15 அடி. 2025 ஜனவரி முதல் அபராதம். ஜப்பானில் கிராஸிங்குக்கு முன்னும் பின்னும் 5 மீட்டர். ஜெர்மனியில் முன்னால் 5 மீட்டர். பிரிட்டனில் சந்திப்பிலிருந்து 10 மீட்டர். நியூ ஜெர்சியின் ஹோபோக்கன் ஊரில் தெருமுனைகளை இப்படித் திறந்துவிட்டுக் கம்பம் வைத்திருக்கிறார்கள், 2017-லிருந்து பல வருடம் சாலை விபத்தில் ஒரு சாவும் இல்லை.

ஜூன் 12, காலை 8.10 | அளவுநாடா

எண்களை அப்படியே எடுத்து ஒட்ட வேண்டாம். கலிபோர்னியாவின் 20 அடி வரும் பக்கம் மட்டும். அங்கே ஒவ்வொரு திசைக்கும் தனி லேன், எதிர்ப் பக்கக் கார்கள் ஓட்டுநரிடமிருந்து தள்ளி நிற்கின்றன. நம் தெருவில் இரு திசையும் ஒரே 3 மீட்டரில். 7-ஆம் தேதி எழுதியபடி எதிர்ப் பக்கமும் பார்க்க வேண்டும். ஹோபோக்கனில் காலி செய்ததோடு நிற்காமல் அந்த இடத்தில் கம்பமும் சைக்கிள் ஸ்டாண்டும் வைத்தார்கள் என்பதைக் கூட்டத்தில் அழுத்திச் சொல்லுங்கள்.

ஜூன் 15, மதியம் 3.00 | அளவுநாடா

மூக்குக்குக் காசு இல்லை என்றால் வேறொரு வழி இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்ததில் இது நான் நினைத்ததைவிட நன்றாக வருகிறது.

நிறுத்தத்தை ஒரு பக்கம் மட்டும் வையுங்கள், கிராஸிங்கில் பக்கம் மாற்றுங்கள். எந்தப் பக்கம் என்பதில்தான் சூட்சுமம். கிராஸிங்குக்கு வரும் பக்கம் இடது ஓரம் காலி. கிராஸிங்கைத் தாண்டிய பிறகு இடது ஓரத்தில் கார். இரு திசைக்கும் இதே விதி. வரைந்து பார்த்தால் கார்கள் தெருவின் ஒரு பாதியில் ஒரு பக்கமும் மறு பாதியில் மறு பக்கமும் நிற்கும்.

இப்போது ஓட்டுநர் இடது ஓரமாக வருகிறார், அந்தப் பக்கம் மறைவே இல்லை. வலது ஓரத்தில் மட்டும் கார்கள். அவர் கண் வலது ஓரக்கல்லிலிருந்து 5.2 மீட்டர். விட வேண்டியது 20 × 2.0 ÷ 5.2, அதாவது 7.7 மீட்டர். எதிர்த் திசையிலும் அவ்வளவே. மொத்தம் 15.4 மீட்டர். பெயின்ட் மட்டும் போட்டபோது 46. தெருவும் வளைந்து போவதால் நேராக இழுத்துக்கொண்டு போக முடியாது.

பக்கத்தை மாற்றிப் போட்டுவிட்டால், அதாவது வரும் இடது ஓரத்தில் கார், தாண்டிய பின் காலி என்று வைத்தால், கிட்டத்துக் குழந்தைதான் முதலில் மறையும். பெயின்டர் கையில் வரைபடம் கொடுக்காமல் வாயால் சொன்னால் நிச்சயம் இப்படித்தான் நடக்கும்.

விலை என்னவென்றால் ஒரு பக்கம் முழுக்க நிறுத்தம் போகிறது. 100 மீட்டர் தெருவில், கேட்டுகளைக் கழித்தால், ஒரு பக்கம் பத்துப் பன்னிரண்டு கார். இரவு 11 மணிக்கு எண்ணுங்கள். பகலில் எண்ணினால் உண்மையான எண்ணிக்கை கிடைக்காது. வீட்டுக்குள் கார் ஷெட் இருந்தும் அதில் பழைய கட்டிலும் வாஷிங் மெஷினும் போட்டுவிட்டுத் தெருவில் நிறுத்துபவர்கள் எத்தனை பேர் என்பதையும் தனியாகக் குறியுங்கள். வாக்குவாதம் பாதி அங்கேயே தீரும்.

ஜூன் 21, காலை 10.00 | அளவுநாடா

செய்யும் முறை கேட்டிருந்தார்கள்.

முதலில் சாக்பீஸ். பள்ளி விடுகிற நேரத்தில் ஒருவர் ஓட்டுநர் இருக்கையில், 20 மீட்டர் தள்ளி. இன்னொருவர் கிராஸிங் ஓரத்தில் 1.1 மீட்டர் உயரக் குச்சியோடு. குச்சியின் மேல் பாதி தெரியும் வரை நிற்கும் காரைப் பின்னால் நகர்த்தச் சொல்லி, அந்த இடத்தில் கோடு. என் 10.5 உங்கள் தெருவில் 9 ஆகவோ 12 ஆகவோ வரலாம். தெரு லேசாக வளைந்திருந்தாலே மாறும்.

பிறகு இரண்டு வாரம் சோதனை. மணல் மூட்டையும் கூம்பும் வைத்து மூக்கு வடிவத்தைத் தரையில் காட்டுங்கள், போக்குவரத்துக் காவல் துறையின் எழுத்து அனுமதியோடு. மூட்டைக்கு ஒளிரும் பட்டை கட்டாயம், மழை வந்தால் ஓரத்து மூட்டைகளை எடுத்துவிட வேண்டும். லாரி எங்கே இடிக்கிறது, குப்பை வண்டி எங்கே நிற்கிறது எல்லாம் முதல் மூன்று நாளில் தெரிந்துவிடும்.

பலகை. "நோ பார்க்கிங், மீறினால் காற்று பிடுங்கப்படும்" என்று வீட்டுக்காரர் வைக்கும் தகரத்துக்குச் சட்ட பலம் இல்லை. காற்றைப் பிடுங்கினால் தப்பு பிடுங்கியவர் மேல். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 116-இன்படி அதிகாரம் பெற்றவர்கள் வைக்கும் பலகைதான் செல்லும். நிறுத்துமிடம் எது என்று தீர்மானிப்பது பிரிவு 117. நீங்கள் கேட்கும் 10 மீட்டருக்கு அந்தப் பலகை இருந்தால்தான் 177-இன் கீழ் அபராதம் போட முடியும், முதல் தடவை 500 ரூபாய், அடுத்து 1,500. விண்ணப்பத்தை மாநகராட்சி வார்டு பொறியாளருக்கும் போக்குவரத்துக் காவல் ஆய்வாளருக்கும் ஒரே நாளில், ஒரே வரைபடத்தோடு கொடுங்கள். ஒருவர் மற்றவரைக் கேட்கச் சொல்வது அப்போதுதான் நிற்கும்.

பலகையில் அம்புக்குறி கேளுங்கள், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று. இரண்டு முனையும் தெரியாத பலகைக்கு அவரவர் ஓர் எல்லை வைத்துக்கொள்வார்கள்.

கோடு. தெர்மோபிளாஸ்டிக் (உருக்கிப் போடும் சாலைப் பெயின்ட்) 2.5 மி.மீ. கனம், மேலே சதுர மீட்டருக்கு 250 கிராம் கண்ணாடி மணி, இரவில் வெளிச்சம் பட்டு மின்ன. மணி தூவுவது பெயின்ட் சூடாக இருக்கும்போதே. ஆறிய பின் தூவினால் மறுநாள் காற்றில் போய்விடும். ஓரத்தில் மணல் படிந்திருக்கும், பெருக்காமல் போட்டால் கோடு மணலோடு உரிந்து வரும். கான்கிரீட் தெருவானால் பிரைமர் அடிக்காமல் ஒட்டாது. ஐப்பசி, கார்த்திகையில் போடவே வேண்டாம்.

ஜூன் 28, இரவு 8.15 | தெருமுனை

சாக்பீஸ் வைத்து அளந்தோம். பள்ளிப் பக்கம் 9.4 மீட்டர் வந்தது, எதிர்ப் பக்கம் 13. பக்கம் மாற்றும் யோசனைக்கு வாக்கு அதிகம். ஒரே சிக்கல்: எதிர்ப் பக்கம் சரியாக அந்த 13 மீட்டருக்குள் இஸ்திரி வண்டி நிற்கிறது, பல வருடமாக. யாருக்கும் அவரை எழுப்ப மனசில்லை.

ஜூன் 28, இரவு 9.05 | அளவுநாடா

எழுப்ப வேண்டாம். வண்டியின் கூரைத் தகரம், தொங்கும் துணி எல்லாம் சேர்ந்து காரைவிட அதிகம் மறைக்கும், அதனால் அதே இடத்தில் இருக்கவும் முடியாது. கிராஸிங்கிலிருந்து 15 மீட்டர் தள்ளி, கார் நிறுத்த அனுமதித்த பக்கத்தில், மரநிழல் உள்ள ஓர் இடத்தை அவருக்கே தேர்ந்தெடுக்கக் கொடுங்கள். அங்கே ஒரு கார் இடத்தை, 5 மீட்டரை, வரைபடத்திலேயே அவர் வண்டிக்கு என்று குறித்துவிட்டுப் பிறகு கார்களுக்கு எண் போடுங்கள். காலை 8 மணிக்கு அந்த இடத்தில் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்துவிட்டுக் குறியுங்கள்.